மூன்றாம் நம்பர் எஞ்சின்

அப்புத்தளைக்கு மேலே, மேகம் ஒரு ஜன்னலால் நுழைந்து
மறு ஜன்னலால் போகும் பெக்டரியில்
மூன்றாம் நம்பர் எஞ்சினுக்கு நான் பொறுப்பு.
ஒன்றும் இரண்டும் துரை புதிதாய் வாங்கியவை.
மூன்று கடலில் இருந்தது.

பித்தளைத் தகட்டில் கே என்று ஓர் எழுத்து, பக்கத்தில் இரண்டு,
அதற்குப் பிறகு உளி தின்ற பள்ளம்.
பேரைச் சுரண்டிவிட்டுத்தான் பழைய இரும்புக்கு விற்பார்களாம்,
ஸ்டோர் சவரியான் சொன்னான்.
எண்ணெய்த் தட்டுக்கு அடியில் பதிவேடு ஒன்று கிடந்தது.
பாதி கரப்பானுக்கு. மீதியை வாசிக்க எனக்கு
இரண்டு மழைக்காலமும் ஓர் இரவல் அகராதியும் பிடித்தன.

*கொழும்பிலிருந்து ஏடன். பதினொரு கப்பல்.
வேகம் மணிக்கு ஏழு கடல்மைல்.*

ஏழு! ஒகியா ஏற்றத்தில் கோச்சி இதைவிட ஓடும்.
கூட்டத்தில் எவன் மெதுவோ
அவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகமாம்.
காவல் கப்பலும் அவனுக்காகக் காலை இழுத்து நடக்குமாம்.
எங்கள் நிரையில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.
பிந்தினவளுக்கு அரைப்பேர்.

*ஐந்தாம் இரவு. வலப்பக்கக் கடைசிக் கப்பல் அடிபட்டது.
சரக்கு: தேயிலை, ரப்பர், தேங்காய் நார்.
ஆழ்குண்டு பதினான்கு. பலன் தெரியவில்லை.
விடிந்ததும் திரும்பினோம். நீரெல்லாம் பெட்டிகள்.
பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி ஆட்கள்.
இருபத்தொன்பது பேரை ஏற்றினோம்.*

பெட்டியில் எந்தத் தோட்டத்து முத்திரை
என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில்
கரப்பான் கடித்த ஓட்டை.
எங்கள் மாடியில் ஆணி அடித்ததாய் இருக்கட்டும் என்று
ஆசைப்பட்டேன். ஆசை பதிவாகாது.
உள்ளே ஈயத்தாள், வெளியே பலகை,
நடுவில் யாரோ எடுத்த கொழுந்து:
அது மிதக்கும் என்று எடுத்தவளுக்குத் தெரியாது.

*திருகோணமலை. அடிப்பாகம் சுரண்டல், ஒன்பது நாள்.
ஆட்கள் தியத்தலாவைக்கு, ஓய்வு.*

இங்கே வந்திருக்கிறார்கள்!
தொங்கலில் நின்றால், வானம் தெளிந்த நாளில்,
தெற்கே வெள்ளிக்கம்பி போல் ஒரு கோடு தெரியும்.
கடல் அது.
அதற்கு முதுகைக் காட்டி நின்று
படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசிப் பக்கம் முழுசாய்க் கிடைத்தது.
*சேவை நான்கு வருடம், இரண்டு மாதம், ஆறு நாள்.
காவல் காத்த கப்பல் முன்னூற்றுப் பதினேழு.
இழந்தவை நான்கு.*
ஒருநாள்கூட விடுபடவில்லை.
எந்த நாள் எங்கே நின்றது, எவ்வளவு கரி எரித்தது,
எந்தத் துறையில் தண்ணீர் பிடித்தது,
எல்லாவற்றுக்கும் கையெழுத்து.

அதே நான்கு வருடமும் கூடையோடு மலை ஏறியவள்
என் அம்மா, குழந்தேயி.
பிறகு பதுளைக் கச்சேரியில்
பிறந்த சான்று கேட்டார்கள். தகப்பன் பிறந்த சான்று கேட்டார்கள்.
செக்ரோலைப் பாருங்கள் ஐயா என்றாளாம்.
செக்ரோல் நாட்டுக்குச் செல்லாதாம்.

அக்கா பரமாயி, மூன்று பிள்ளை, ஒரு தகரப் பெட்டி.
தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்.
யுத்தம் இல்லாத பகல், அமைதியான கடல்.
முன்னும் பின்னும் ஒரு காவல் கப்பலும் போகவில்லை.
எத்தனை பேரை இழந்தோம் என்று
எந்த ஏட்டிலும் இல்லை.

நேற்று, ஏட்டில் மிஞ்சிய வெற்றுப் பக்கத்தில்
அதே கட்டங்களுக்குள் பென்சிலால் எழுதினேன்.
பேர்: குழந்தேயி.
கட்டிய துறை: தெரியாது.
சேவை: முப்பத்தெட்டு வருடம், முழுப்பேர்.
காவல் காத்தது: ஐந்து.
இழந்தது:

மாடியிலிருந்து கத்தினார்கள்,
இலை வாடிவிட்டது, கரண்ட் போய்விட்டது,
மூன்றாம் நம்பரைக் கிளப்பு என்று.
இரண்டு தரம் இருமியது.
மூன்றாம் தரம் பிடித்தது.