கருநீல விளக்கு

ஆறரைக்கு வகுப்பு என்று சொல்லியிருந்தோம்.
பேரையூர் பஸ் ஏழே காலுக்குத்தான்
ஜெபக்கனியை இறக்கிவிட்டது.
தோளில் பை, கக்கத்தில் வருகைப் பதிவேடு.

எங்கள் இளைஞர் மன்றத்தில் இருபத்தாறு பேர்.
பதினோரு பேர் திருப்பூரில்.
மூன்று பேர் போலீஸ் தேர்வுக்கு
மதுரையில் ரூம் எடுத்திருக்கிறார்கள்.
மிச்சத்துக்கு
ஸ்ட்ரைக்கர் தொலைந்த ஒரு கேரம் போர்டு,
பொருளாளர் என்ற பேரில் நான்.

"டீ உண்டா?" என்றாள் விருமாயி, உட்காரும் முன்பே.
உண்டு. பன்னும் உண்டு.

ஊறுகாய்க்குள் ஈரக் கரண்டி போடாதே.
மக்காச்சோளம் பல்லில் கடக்கென்று உடையணும்,
மசிந்தால் மூட்டை கட்டாதே.
ஜெபக்கனி சொன்னதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.
தெரிந்துதான்
தையில் எவரும் கேட்காத மழை வந்தபோது
தார்ப்பாய் போதாமல்
பாதிக் களத்தை நனையவிட்டோம்.

பிறகு லைட்டை அணைக்கச் சொன்னாள்.
பையிலிருந்து டார்ச் மாதிரி ஒன்று வந்தது.
அதை வெளிச்சம் என்று சொல்ல முடியாது,
இருட்டுக்குச் சாயம் முக்கியது போல.
தங்கமாயனின் வேட்டி மட்டும் எழுந்து நடந்தது.
அவன் சிரித்தான், பல் தனியே தெரிந்தது.
பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஒரு படி கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.
கொரகொரவென்று உடைத்த சோளம்
முறத்தில் பரப்பி வைத்திருந்தது.
காமுத்தாயின் முறம் சும்மா கிடந்தது.
விருமாயியின் முறத்தில் ஒன்றிரண்டு பொட்டு.
எங்கள் முறத்துக்கு வந்ததும்
விளக்கு நின்றுவிட்டது.

அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.
மாரியம்மன் தெப்பக்குளத்துத் தண்ணீரில்
தெப்பத்தன்று இரவு விளக்குகள் நடுங்குமே,
அப்படி,
பச்சையும் மஞ்சளுமாய்.

"இது அடையாளம்தான், தீர்ப்பில்லை.
சாம்பிள் அனுப்பிப் பார்க்கணும்" என்றாள்.
"இதை வீட்டில் யார் திங்கிறது?"

மாடு.

"பாலை?"

காமுத்தாய் இடுப்பில் இருந்த பிள்ளையை
மறு இடுப்புக்கு மாற்றினாள்.
காலையில் அரை லிட்டர்,
மாசக் கடைசியில் காசு. எங்கள் வீட்டுப் பால்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இருட்டு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தீவனத்தை நிறுத்தினால்
நாலைந்து நாளில் பால் தெளியும் என்றாள்.
லைட் போட்டார்கள்.
முறத்தில் வெறும் சோளம், வெறும் மஞ்சள்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
'பயனாளிகள் கருத்து' என்று இருந்தது.
மேலே பதின்மூன்று பேர்
'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள்.
நானும் எழுதினேன்.
பேனா 'பயன்' என்ற இடத்தில் சிக்கி
தாளைக் கொஞ்சம் கிழித்தது.

இப்போது எங்கள் ஐந்து மூட்டை
மன்றத்து அறையில் இருக்கிறது,
கேரம் போர்டுக்கு அடியில்.
பூட்டு ஒன்று. சாவி இரண்டு,
ஒன்று என்னிடம், ஒன்று தங்கமாயனிடம்.
முடிவு வர இருபது நாள் ஆகுமாம்.

தீவன வியாபாரி நாளுக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறார்.
"நல்லதோடு நாலுக்கு ஒண்ணு கலந்துட்டா
எவனுக்கும்மா தெரியும்?"
எனக்குத் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்து
"அப்பா தூங்குறாரு" என்று வைத்துவிட்டேன்.
அப்பா எதிரில்தான் இருந்தார்.
சங்கத்துக் கணக்குப் புத்தகத்தைப்
பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு.

மாடு ஐந்து நாளாய் வைக்கோல் கடிக்கிறது,
என்னைப் பார்த்துப் பார்த்துக் கடிக்கிறது.
ஒன்றரை லிட்டர் குறைந்துபோனது.

ஆறாம் நாள் விடிகாலை
வாசலில் காமுத்தாய், கையில் தூக்குவாளி.
உள்ளே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை.
"ஊத்தட்டுமா?" என்றேன்.
"நீ குடிச்சியா?" என்றாள்.

டம்ளரை எடுத்தேன்.