ஒன்பது நிமிடம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
என் வேலை அளப்பது மட்டும்.
போடுவது வேறு மாடி.

அக்டோபர்.
கொம்தாரின் ஜன்னலுக்கு வெளியே மழை
முதலில் பட்டர்வொர்த்தை அழிக்கிறது,
பிறகு ஃபெர்ரியை,
பிறகு ஒவ்வொரு கூரையாக.
நானும் அப்படித்தான்,
தூரத்துக் கட்டங்களிலிருந்து ஆரம்பிப்பேன்.

எல்லாவற்றிலும் ஐந்து விழுக்காடு குறைக்கவும்
என்று சுற்றறிக்கை. இரண்டே வரி.
'எல்லாவற்றிலும்' என்று எழுத
ஒரு சென் கூடச் செலவில்லை.

சூ லிங்குக்குத் தெருவிளக்கு வாய்த்தது.
இருபதில் ஒன்றை அணைத்தால் முடிந்தது.
ஹஃபீஸுக்குப் புல்வெட்டு.
எனக்கு,
பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகளைச் சாலை தாண்டிவிடுகிறவர்கள்.

அறுபத்திரண்டு பேர். நாளுக்கு மூன்று மணி நேரம்.
மணிக்குப் பத்து வெள்ளி; அதில் கைவைக்கக் கூடாது.
ஆளைக் குறைக்கலாம் என்றால்
ஒரு வரிக்கோட்டுக்கு ஒரே ஆள்,
ஒரே ஆளில் இருபதில் ஒரு பங்கு எது?
மீதி இருப்பது நேரம்.
நூற்றெண்பது நிமிடத்தில் ஐந்து விழுக்காடு
ஒன்பது நிமிடம்.
தசமப் புள்ளி கூட இல்லை.
இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு விழுந்தால்
எனக்குத் தூக்கம் வராது.

எந்த ஒன்பது?
முதலிலா, கடைசியிலா, நடுவிலா?
சுற்றறிக்கையில் இல்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை.
ஜெலுத்தோங், பள்ளி விடும் நேரம்.
பச்சை மேற்சட்டை, தொப்பிக்குள் ஈரத் துண்டு,
கையில் வட்டப் பலகை:
பாக்கியமேரி.
நான்கு வருடமாக எனக்குத் தெரிந்தவர்,
ஊழியர் எண்ணாக.
என்னை அவருக்குத் தெரியாது.
எதிர்க்கடையில் ஐஸ் மைலோ ஒன்றை வாங்கிக்கொண்டு
கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டேன்.

ஒரே குடைக்குள் மூன்று பேர்.
நடுச்சாலையில் தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுத்
திரும்பி ஓடிய ஒருவன்;
அவன் குனிந்து எடுக்கும் வரை
சிமெண்ட் லாரிக்கு முன்னால்
இடுப்பில் கைவைத்து நின்றார் அந்த அம்மா,
லாரிக்காரன் வட்டிப் பணம் பாக்கி வைத்தவன் போல.
அப்புறம் ஒருத்தி,
தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள்,
மறுபடியும் தாண்டினாள்.
சும்மா.
அவளை ஒன்று என்பதா, இரண்டு என்பதா?

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ஒன்பது நிமிடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள்.
புவான் ரோஸீத்தா கண்ணாடியைக் கழற்றினார்.
ஆதாரம் கேட்டார்.
பார்த்தேன், என்றேன்.
பார்த்தது இணைப்பாகாது, என்றார்;
கொஞ்ச நேரம் கழித்து,
மொத்தம் மட்டும் மாறாமல் இருக்கட்டும், என்றார்.
அதுதான் அனுமதி.
அதுதான் தண்டனையும்.

பதினேழாயிரத்து அறுநூற்று எழுபது வெள்ளி.
யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும்.
ஹஃபீஸ் சிரித்தான். புல்தானே, எடுத்துக்கொள்,
ரெண்டு சுற்று வெட்டாவிட்டால் யார் சாகப் போகிறார்கள்?
அன்று மதியம் அவனுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தேன்.
மீன் முட்டையோடு.
என் வாழ்நாளிலேயே ஆக நல்ல கணக்கு என்று
ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல்.
ஒரு புகார்க் கடிதம், கோடு போட்ட தாளில்,
பிரிவு பிரிவாகச் சுற்றி
ஏழு முத்திரையோடு என் மேசைக்கு வந்திருக்கிறது.
முனையில் புல் இடுப்பளவு நிற்கிறதாம்.
வளைவில் வண்டி வருவது தெரிவதில்லையாம்.
பிள்ளைகளை நிறுத்திவிட்டு
முதலில் அவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாராம்.
கீழே கையெழுத்து: பாக்கியமேரி.

'இவ்வாண்டு ஒதுக்கீடு இல்லை' என்ற பதில்
கணினியில் தயாராக இருக்கிறது.
ஒரு விசையைத் தட்டினால் முழுக் கடிதமும் வந்து நிற்கும்.
தட்டவில்லை, இன்னும்.

பட்டர்வொர்த் மறைந்துகொண்டிருக்கிறது.
நல்ல மழை.
புல்லுக்கு நல்லது.