பீலிக் கொப்பி

ஞாயிறு காலை ஆறரை.
மேக்கணக்குப் பீலிக்கடியில் நீல வாளியை வைக்கிறேன்.
இருபது லீட்டர்.
போனில் ஓடும் இலக்கங்களை அந்தோனியம்மா பார்க்கிறாள்,
கடைக்காரனின் தராசைப் பார்ப்பது மாதிரி.

முப்பத்தெட்டு நொடி.
எழுதுகிறேன்.

கம்பனி வருவதற்கு முன் எங்களிடம் நொடி கிடையாது.
தண்ணி நல்லா வருது,
தண்ணி நூலா வருது,
தண்ணிக்குச் சண்டை.
மூன்றே அளவு.

போன வருசம் தினுக்க மாத்தயா ஏறி வந்தார்.
கீழே, ஆறு திரும்பும் இடத்தில்
அவர்களுடைய சோடாத் தொழிற்சாலை.
போத்தல்கள் வரிசையாய் வந்து நின்று
குடித்துவிட்டு நகருமாம்.
எடுத்ததை மலைக்கே திருப்பித் தருவோம் என்றார்,
கைமாற்று வாங்கியவர் போல.

சப்பாத்தைக் கழற்றினார், அதைச் சொல்லியாக வேண்டும்.
அட்டை கடித்த காலோடு
ஊற்றைச் சுற்றி நின்ற டர்பன்டைன் மரங்களை எண்ணினார்.
நூற்றுப் பன்னிரண்டு.
அதில் எண்பதை வெட்டத்
துரையிடம் நாலு தடவை போனார்.

பிரட்டில் பேர் இல்லாத நாட்களில்
மழைக்குழி வெட்டினோம்.
கீழ்க் கிராமத்திலிருந்து குசுமலதாவும் ஆறு பேரும்
மண்வெட்டியோடு வந்தார்கள்.
எங்கள் ஊற்றின் வாலில்தான் அவர்கள் வயல்.
இருபது வருசமாக நாங்கள்
சவர்க்கார நுரையைக் கீழே அனுப்பியிருக்கிறோம்.
அவர்கள் திட்டியதெல்லாம்
மேலேறி வந்து சேரவில்லை.

பிறகு பலகை வந்தது.
மூன்று மொழி, பச்சை நிறம்,
ஒரு கை, கையில் ஒரு துளி.
தமிழில் மட்டும்
‘ஊற்று’க்குப் புள்ளி இல்லை.
நகப்பூச்சால் நானே வைத்தேன்.

மாசியில் ஐம்பத்தொன்று.
பங்குனியில் எழுபத்து நாலு.
காம்பராவுக்கு ஒரு குடம் என்று
அந்தோனியம்மா பேர் வாசித்த அந்த வாரமும்
சோடா லொறிகள்
வளைவில் வழக்கம்போல ஹோர்ன் அடித்தன.

ஐப்பசியில் நல்ல மழை. முப்பத்தொன்று.
அந்த மாதம் பார்த்துத்தான் ரிப்போர்ட் வந்தது.
இத்தனை லட்சம் லீட்டர்
மலைக்குத் திருப்பி அளிக்கப்பட்டது.
கீழே ஒரு கோடு. கோட்டுக்கடியில்
ஜெயக்கொடி, செயலாளர்.

சைபர்களை எண்ணினேன்.
வாளி வாளியாகப் பிரித்துப் பார்த்தேன்.
பொய் என்று சொல்ல முடியாது.
குழிகள் குடித்த மழைதான்.
ஆனால் பங்குனியில் அது எங்கே போயிருந்தது?

கொப்பியை விரித்து வைத்தேன்.
எழுபத்து நாலு என்று எழுதிய இடத்தில்
பேனா அழுத்திக் கடதாசி கிழிந்திருக்கும்.
“இதையும் போடுங்க. போட்டாத்தான் கையெழுத்து.”

வெகு நேரம் பார்த்தார்.
கொழும்பில் இது பிடிக்காது என்றார்,
சிங்களத்தில், தனக்குத்தானே.
எனக்குச் சிங்களம் தெரியும் என்பதை
மறந்திருக்க வேண்டும்.
அல்லது மறக்கவில்லை.

பிறகு என் பேனாவையே வாங்கி
எழுபத்து நாலை எழுதினார்.
பங்குனியில் எடுப்பதைப் பாதியாக்க வேண்டும் என்று
கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்.
அந்த வரி கொழும்பு வரை போகுமோ,
அவிசாவளையில் இறங்கிக்கொள்ளுமோ.
கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் பதில் இல்லை.
மாசிக்கு ஆறு ஞாயிறு இருக்கிறது,
ஆறு கோடு கீறி வைத்திருக்கிறேன்.

குசுமலதாவின் மகன் கேட்கிறான்,
நொடி கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?
குறைந்தால், என்கிறேன்.
“அப்ப இது ஓட்டப் போட்டி.”
அவனுக்குப் பதில் யோசிப்பதற்குள்
வாளி நிறைந்து செருப்பை நனைக்கிறது.
அந்தோனியம்மாவும் போனைப் பார்க்கவில்லை.

காட்டுநாவல் கன்றடியில் வாளியைக் கவிழ்க்கிறேன்.
மறுபடி,
சைபரிலிருந்து.