அலகு இரண்டு, பதினைந்து மதிப்பெண்

மஞ்சக்குப்பத்தில் மதியம் கரண்டு இல்லை.
இரண்டாவது மாடியில்
ஆங்கில நாவலின் தோற்றமும் வளர்ச்சியும்
நடத்திக்கொண்டிருக்கிறேன்.
கௌரவ விரிவுரையாளர்.
ஏப்ரல் பிறந்துவிட்டது,
ஜனவரி சம்பளம் வரவில்லை.

தொடக்கத்தில் நாவலுக்கு
கதை என்று சொல்லிக்கொள்ளவே கூச்சம், என்றேன்.
நடந்தது இது, பெட்டியில் கிடைத்த காகிதம் என்று
முதல் பக்கத்திலேயே சத்தியம் செய்தது.
அப்புறம் கடிதம் கடிதமாக வந்தது.
மெழுகுவத்தி கரைவதற்குள்
ஒரு பெண்ணால் இத்தனை பக்கம் எழுத முடியுமா
என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு கல்யாணம்.
வருகிறவன் மூக்கு எப்படி என்று தெரியுமுன்னே
அவன் ஆண்டு வருமானம் தெரிந்துவிடும்.
“எங்க தெரு தரகர் மாதிரி மேடம்”
கடைசி பெஞ்சு.
ஆமாம் என்றேன். சிரிப்பு அடங்க நேரமானது.

மாதத் தவணையில் விற்றார்கள்.
மூன்று பாகமாக வெட்டி வாடகைக்கு விட்டார்கள்.
ஆலைப் புகை அத்தியாயங்களுக்குள் நுழைந்தது
(சன்னலில் சிப்காட் வாடை. யாரும் உவமை சொல்லவில்லை).
நூற்றாண்டு திரும்பியதும்
வீதியைக் காலி செய்துகொண்டு
மண்டைக்குள் குடிபோனது நாவல்,
முற்றுப்புள்ளியை அங்கேயே மறந்துவிட்டு

சுகப்பிரியா எழுந்தாள்.
குண்டு உப்பலவாடி. அப்பா ஐஸ் வண்டி ஓட்டுகிறார்.
“அந்த வருமானம் எங்கேருந்து மேடம் வருது?
டீ குடிக்கிறாங்க, டான்ஸ் ஆடுறாங்க,
மழையில நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துக்கிறாங்க.
ஒருத்தரும் வேலைக்குப் போகலையே.”

உன் ஊருக்கு ஏன் அந்தப் பெயர், என்றேன்.
அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியவர்கள்
பீரங்கியைச் சுட்டார்கள்.
குண்டு விழுந்த தூரம் வரை அவர்களுடையது.
அப்போது அங்கே
நாவல் ஒழுங்காகப் பிறந்திருக்கக்கூட இல்லை.
கெடிலத்தின் வாயில் கப்பலேறிய துணி
எந்த அத்தியாயத்தில்
எந்த நாயகியின் கவுன் ஆனதோ.

வகுப்பு கொஞ்சம் சும்மா இருந்தது.
மின்விசிறி ஒரு தரம் முனகி
மறுபடி நின்றது.

பரீட்சையில் இதை எழுதிவிடாதே, என்றேன்.
பாடத்திட்டத்தில் இல்லை.

சரி மேடம் என்று உட்கார்ந்தாள்.
நோட்டில் குறித்துக்கொண்டாள்:
குண்டு, துணி, கவுன்.
அதன் கீழே
‘பரீட்சையில் எழுதக் கூடாது’.
ஸ்கேல் வைத்து
இரண்டு கோடு.