மணிக்கட்டு வரை

கொழிஞ்சாம்பாறையில் அப்போது
பலகை எழுத நான் ஒருவன்தான்.
கள்ளுக்கடை எண், பஸ்ஸின் நெற்றி,
மாதா கோயில் திருவிழாத் தட்டி,
செத்தவர்களுக்குச் சிலுவையில் தேதி.
மலையாளத்துக்கு ஒன்று தமிழுக்கு ஒன்று என
இரண்டு தூரிகை வைத்திருப்பதாக ஊரில் பேச்சு.
இருந்தது ஒன்றே. அணில் வால் முடி.

அறுபத்தெட்டு, மாசி.
கிட்டுண்ணி சகாவு சைக்கிளைச் சாய்த்துவிட்டு
வாசகத்தைச் சீட்டில் நீட்டினார்:
அமெரிக்கப் பட்டாளமே, வியட்நாமை விட்டு வெளியேறு.
இரண்டு மொழியிலும் வேணும், நாளைச் சாயங்காலம்.
துணி?
"அது நீயே பார்த்துக்கோ சவரியப்பா,
கட்சி கையில இப்போ சாயம் மட்டும்தான்."

வீட்டில் துணி என்றால்
கோயிலில் கொடுத்த நொறுக்குக் கோதுமைப் பை.
மூன்றைப் பிரித்து ஒன்றாய்த் தைத்திருந்தாள் ஞானப்பூ,
வயிற்றில் இருப்பதற்குத் தொட்டிலாகட்டும் என்று.
சவுக்காரம் போட்டு நாலு தரம் அடித்தும்
நீலம் போகவில்லை.
கோடு போட்ட கேடயம், மேலே நட்சத்திரம்,
நடுவில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள்.
நல்ல வரைவு, தொழில்காரன் சொல்கிறேன்,
விரல் மடிப்பில் பிசகு கிடையாது.
ஆனால் இரண்டும் மணிக்கட்டோடு முடிந்துவிடும்.
அதற்கப்பால் ஆளில்லை.

எழுத்துச் சரிபார்க்க
சகாவு விட்டுப்போன பேப்பரை விரித்தேன்.
வியட்நாமுக்கு அவர்களிடம் றகரம், நம்மிடம் டகரம்.
படத்தில் கூரை போன வீடு.
பக்கத்தில் பனை,
எங்கள் பனை மாதிரியே, கருகி நின்றது.
வாசலில் குந்தியிருந்தவள் காலடியில்
சரிந்த மூட்டை ஒன்று, அதில்
மிளகளவு ஒரு கறை.
பார்ப்பவர்களுக்குக் கறை.
நாலு தரம் துவைத்தவனுக்குத் தெரியும்.
அதே கேடயம். அதே குலுக்கல்.
அவள் வீட்டுக்கும் கோதுமை போயிருக்கிறது.
கோதுமை முதலில் வந்ததா, தீ முதலில் வந்ததா,
படத்துக்குக் கீழே போடவில்லை.

"சகாவே, இந்தக் கைகளை அழிக்காமல் விடட்டுமா?"
யோசித்தார். ஒரு பீடி தீரும்வரை யோசித்தார்.
"வேண்டாம். ஜனம் குழம்பும்.
வாங்கித் தின்கிறவனே கத்துகிறான் பார் என்பான்."
பிறகு, கொஞ்சம் தணிந்து,
"என் வீட்டிலும் அதுதான் வேகிறது."

பசை காய்ச்சி மூன்று பூச்சு செங்காவி,
மேலே சுண்ணாம்பில் எழுத்து.
ஈரத்தில் கைகள் தெரியும், காய்ந்தால் ஒளியும்.
காயட்டும் என்று விசிறிக்கொண்டே இருந்தேன்.

பதினோரு பேர் போனோம்.
கோபாலபுரம் செக்போஸ்ட் வரை, சிந்தாபாத் போட்டபடி.
ஆட்சி எங்களுடையதுதான்,
ஆனாலும் போலீஸ் போலீஸ்.
போன வாரம் கர்ப்பிணி மாதிரி வந்தவளின் மடியில்
ஆறு படி அரிசி பிடித்திருந்தார்கள்.
அந்த ஜோரில் இருந்த காவலாளி
திரும்பி வரும் எங்களை நிறுத்தி
மூங்கிலைத் தட்டினான், உள்ளே அரிசியா என்று.
சத்தத்தில் நம்பிக்கை வராமல்
மூட்டை குத்தும் ஊசியால்
பேனரை ஒரு குத்து.
எங்கே பட்டது என்று
எனக்கு மட்டும் தெரியும்.

ராத்திரி ஞானப்பூ கோதுமை உப்புமா கிளறினாள்.
நகக்கண்ணில் காவியோடு தின்றேன்.
கோஷம் போட்டதில் பசி அதிகம்,
இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.
போட்டுவிட்டுக் கேட்டாள், தொட்டில் துணி எப்போ வரும்?

சித்திரையில் பிறந்தான்.
துவைக்கத் துவைக்கக் காவி இறங்கியது,
அடியிலிருந்து நீலம் ஏறியது.
பிள்ளைக் கனத்தில் துணி இழுபட
குலுக்குவது போலவும் இருக்கும்,
ஒன்றையொன்று முறுக்குவது போலவும் இருக்கும்.
அவன் தூங்கிவிடுவான்.
நான்தான் கயிற்றைப் பிடித்தபடி
பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுபத்தைந்தில் சைகோன் செய்தி
எதிர்க்கடை ரேடியோவில் வந்தபோது
அது கரித்துணி.
உலைப்பானையை இறக்க
இரண்டாய் மடித்துப் பிடித்திருந்தேன்.