ஓரெழுத்து

துன்ஹா பேருந்து நிலையத்தில்
ஏழாம் எண் கவுண்டர் எங்களுடையது.
காலை நான்கரைக்குக் கண்ணாடி முழுக்கப் பனி.
ஒதிலியா தன் கம்பளிப் போர்வையின் நுனியால் துடைப்பாள்,
ஒரு முகம் தெரியும் அளவுக்கு மட்டும்.
அந்த முகத்திடம் கேட்பாள்:
"சுமெர்செ எந்த ஊருக்குப் போகிறீர்கள்?"

சுமெர்செ.
'தங்கள் கருணை' என்று
எப்போதோ எசமானர்கள் முன் குனிந்து சொன்னதாம்.
தலைமுறை தலைமுறையாக வாயில் கிடந்து
விளிம்பெல்லாம் தேய்ந்துபோய்
இப்போது யாருக்கும் பொருந்துகிறது:
உருளைக்கிழங்கு மூட்டையோடு வருகிறவருக்கு,
மீதிச் சில்லறைக்குச் சண்டை பிடிப்பவருக்கு,
நடைமேடையில் சுருண்டிருக்கும் நாய்க்கும்.
"சுமெர்செ கொஞ்சம் தள்ளிப் படுங்கள், வண்டி வருகிறது."
நாய் தள்ளிப் படுக்கும்.
நான் சொன்னால் காதைக்கூட அசைக்காது.

நான் கடற்கரைக்காரி. பர்ரான்கீயா.
எங்கள் ஊரில் பாதிரியாரும் நீ, மீன்காரியும் நீ.
பிணத்தின் தலைமாட்டிலும்
'ஏன் போனாய்' என்றுதான் அழுவோம்.
அந்த வெயிலில் யாருக்குப் பன்மையைப் போர்த்துவது?
இங்கே வந்த முதல் வாரம்
பள்ளி ஆசிரியை ஒருவர் டிக்கெட்டைத் திருப்பித் தந்தார்.
நான் 'தூ' என்றது
முகத்தில் துப்பியது போல் இருந்ததாம்.
எங்கள் சொல் அது.
ஒலி அப்படித்தான், நான் என்ன செய்ய?

ஒதிலியாவின் கணவர் எவாரிஸ்தோ
சொகமோசோ வண்டி ஓட்டுகிறார்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்.
"சுமெர்செ சுத்தக் கழுதை" என்று
எல்லார் முன்னாலும் அவள் அவரைத் திட்டக் கேட்டிருக்கிறேன்.
படுக்கையிலும் இந்த மரியாதைதானா என்றேன் ஒருநாள்.
"அங்கே கொஞ்சம் கூடுதலாக" என்றாள்,
சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல்.

பயணிகள் பட்டியலில் கையெழுத்து வாங்குவது என் வேலை.
அவள் சீஸ் ரொட்டி வாங்கப் போகும் பத்து நிமிடத்தில்
அவர் வருவார்.
"வா, இங்கே போடு. கை ஏன் உனக்கு
இப்படிச் சில்லிட்டிருக்கு?"
முதல்நாள் காது சிவந்தது.
இரண்டாம் வாரம் வேண்டுமென்றே
தப்பான கட்டத்தில் கையெழுத்திட்டார்,
திருத்த இன்னொருமுறை வரலாமென்று.
ஏப்ரலில், மழையில், பேனாவைத் திருப்பித் தராமல்:
"இன்னொரு தரம் சொல்லுங்களேன்."
எதை?
"அதைத்தான்."
சொன்னேன்.
ஓரெழுத்து. நடந்தது அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்றுதான்
நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஒதிலியா கண்ணாடியைத் துடைக்கவில்லை.
"ராத்திரி வெல்லத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
கோப்பையை வாங்கிக்கொண்டு
'நீ குடித்தாயா' என்றார்."

அன்பாகத்தானே கேட்டிருக்கிறார் என்றேன்.

"அன்பாகத்தான். அதுதான்.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.
அந்தச் சொல் எங்கள் வீட்டில் கிடையாது.
நான் வாங்கி வைத்ததில்லை.
எங்கிருந்தோ சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது,
தலைமுடி மாதிரி.
சொன்னது அவருக்கே தெரியவில்லை,
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.
எங்கே பிடித்தாரோ,
சுமெர்செவுக்கு ஏதாவது தெரியுமா?"

வெளியே சொகமோசோ வண்டி
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
பனிக்குப் பின்னால் எட்டுப் பேராவது நின்றிருப்பார்கள்,
யார் முகமும் தெரியவில்லை.

ஆறு வருடமாக இவளை நீ என்றே கூப்பிட்டிருக்கிறேன்.
ஒருநாளும் திருத்தியதில்லை இவள்.
கடல் பக்கத்துப் பிள்ளை, அதற்கு அவ்வளவுதான் தெரியும்
என்று மற்றவர்களிடம் எனக்காகப் பேசியிருக்கிறாள்.

"தெரியாது" என்றேன்.
அது போதாது போலிருந்தது.
வாய்க்குப் பழகாத சொல்லை
குளிரில் இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தேன்:
"தெரியாது, சுமெர்செ."

அப்போதுதான் நிமிர்ந்து
என்னைப் பார்த்தாள்.