நான்காவது ஜன்னல்

ஆரல்வாய்மொழியில் இப்போது நான்
காற்றாலைக்குக் காவல்.
வேலிக்குள்ளேயே நிற்கிறது எங்கள் பழைய பாரக்,
ஓடு பாதி, வானம் பாதி.

பதினேழு கட்டில்கள் இருந்த இடத்தில்
ஆட்டுப் புழுக்கை.
சுவரில் ஆணி மட்டும் இன்னும் வரிசையில்,
இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்பதுபோல.

நான்காவது ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது.
ஆடிக் காற்றில் ராமுழுக்க அடிக்கும்.
"ஒறங்க விடாது இந்த எளவு" என்று
தாசையன், அன்றைக்கு வந்த இன்லண்ட் லெட்டரைப்
பிரிக்காமலே நாலாய் மடித்து
இடுக்கில் செருகினான்.

உதம்பூர் ரயிலில் கேட்டேன்:
"அதுல என்னலே எழுதியிருக்கா?"
"வந்து வாசிச்சுக்கிடலாம்."

நேற்று டார்ச் அடித்தேன்.
இருந்தது,
கரையான் தின்ற மிச்சம்.
மெல்ல இழுத்தேன்.
ஜன்னல் அடிக்கத் தொடங்கியது.

திருப்பிச் செருகிவிட்டு
கேட்டுக்கு வந்து நின்றேன்.
ஷிப்ட் மாற இன்னும் மூன்று மணி நேரம்.